சொல்லிவிட்டு ஓடியவர்

வர முடியாது என்பதைச் சொல்வதற்காகவே ஒருவர் மெனக்கெட்டு வெயிலில் நடந்து வருவாரா? அந்த அக்கா வந்தார்.

மாரியூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊரில் நான் அப்போது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். ராமநாதபுரத்தில் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள், மூன்று கிலோமீட்டர்தான், ஊருக்குச் சிலராவது வந்தால் நன்றாயிருக்கும் என்று பள்ளிக்குத் தகவல் வந்திருந்தது. ஓட ஆசைப்படுகிற அம்மாக்கள், அக்காக்கள் சாயங்காலம் மைதானத்துக்கு வரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். ஆசைப்பட்டவர் ஒருவரும் வரவில்லை. நான் விசிலும் கையுமாக நின்று நின்று கடுப்பாகிக் கிளம்பும்போது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கனத்த உடம்பு.

"டீச்சர், நான் ஓட வரமாட்டேன். அதச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

"வராதவுக யாரும் வந்து சொல்லலையேக்கா" என்றேன்.

"அவுக சொல்லலைன்னா நீங்க பாத்துக்கிட்டுல நிப்பீக?"

மைதானத்தில் வேறு யாரும் இல்லை. நான் அவர் பெயரையே எழுதிக்கொண்டேன்.

எனக்கு அவர் புதியவர் இல்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு அவரும் கணவரும் மட்டும் இருந்தார்கள். கணவர், அக்காவின் தம்பியோடு சேர்ந்து வள்ளத்தில் கடலுக்குப் போவார். விடியுமுன் போனால் வெயில் ஏறும்போது கரை திரும்புவார்கள். அக்கா நெத்திலி காயப்போட்டு விற்பார். இதெல்லாம் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவரிடம் மட்டும் இருந்தது அந்தச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம்.

சாயல்குடிக்குச் சாமான் வாங்கப் போகிறார் என்றால், இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு ஏறி இறங்கி, "சாயக்குடி போறேன், மத்தியானம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். பஸ்ஸில் கண்டக்டரிடமும் என்ன காரியமாகப் போகிறோம் என்று சொல்வார். கண்டக்டர் கேட்டிருக்கவே மாட்டார். மத்தியானம் தலைவலி என்று படுக்கப் போனால்கூட என் ஜன்னலில் தலை தெரியும். "டீச்சர், செத்த நேரம் கண்ணசரப் போறேன். கதவு சாத்திருந்தா வேற எதுவும் நெனச்சுறாதீக."

"குளிக்கப் போறதையும் சொல்லுவீகளாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதான் தண்ணிச் சத்தம் கேக்கும்ல" என்றார். கேலி அவரிடம் எடுபடாது.

எனக்குப் பொறுமை கம்மி. கமுதிப் பக்கத்துக்காரி நான். எங்கள் ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லவே மாட்டார்கள். கேட்டாலும் "இங்கனதான்" என்பார்கள். அதனால் இந்த அக்கா ஜன்னலில் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன், எதற்கு இப்படி ஊரெல்லாம் தண்டோரா போடுகிறீர்கள் என்று. நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"சொல்லிட்டுப் போனா தேடமாட்டாக டீச்சர். சொல்லாமப் போனா தேடுவாக. ரெண்டுல எது வேணும்னு நாமதான பாத்துக்கிறணும்."

நல்ல பேச்சு என்று சிரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அதில் இருந்த கணக்கு எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

அவர் ஓட ஒப்புக்கொண்டது என்னால் இல்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது. உடம்பை அசைக்கவில்லை என்றால் கால் போகும் என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தியிருந்தார்கள். நான் பெயர் எழுதிய செய்தி தெரிந்ததும் கணவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஓடுத்தா. நாங் கரைக்கு வாரப்ப நீ இருக்கணும்ல" என்றார். அதிகம் பேசாத மனிதர். அக்காவுக்கு அதற்கு மேல் மறுக்க வாய் வரவில்லை. ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். ஊரில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாராம்.

எனக்கு வந்ததே கோபம். "ஓடுறதுக்கு எதுக்குக்கா ஊரக் கேக்கணும்? பேசாம வாங்க" என்று, அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூ ஒன்றை அவர் காலில் மாட்டி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெருவில் இறக்கினேன்.

"வேணாம் டீச்சர். சும்மா ஓடக்கூடாது."

"சும்மா ஓடாம, சோறு வடிச்சுக்கிட்டா ஓடுவாக?"

தெருமுனையிலிருந்து வள்ளங்கள் நிற்கும் கரை வரை ஒரு மண்பாதை போகிறது. அதில் போய்த் திரும்பலாம் என்பது என் திட்டம். நான் விசில் ஊதவில்லை. "ம், போலாம்" என்றேன். அவர் ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, அவசரமான நடை. நான் பக்கத்தில் ஓடினேன். கருவேலங்காட்டைத் தாண்டியதும் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

ஊரே வந்துகொண்டிருந்தது.

பெண்கள். வயதானவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், தலையில் எண்ணெயோடு ஒருத்தி, மாவுக் கையோடு ஒருத்தி, கருவாட்டுக் கத்தியைக் கீழே போட மறந்து அப்படியே வந்தவள் ஒருத்தி. பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சத்தமில்லை. என்ன, ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேர் மூச்சு வாங்குகிற சத்தமும் காலடிச் சத்தமும்தான். என் ஆயுளில் அத்தனை பேர் சத்தமில்லாமல் ஓடி நான் பார்த்ததில்லை.

அக்கா நின்றார். திரும்பி இரண்டு கையையும் தூக்கி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. டீச்சர் ஓடச் சொன்னாக, சும்மா ஓடுனேன்" என்றார்.

அதன் பிறகுதான் வாய்கள் திறந்தன. நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை. கத்தியோடு வந்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள், அவள் வீட்டுக்காரர் கடலில் இருந்தார்.

அந்தக் கரையில் பெரிய பெண் ஒருத்தி ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடலில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, கை வேண்டும், வள்ளம் இழுக்க, ஆளைத் தூக்க. பார்த்தவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓட வேண்டும். யாருக்கு என்று கேட்கக் கூடாது. ஓடுகிறவளும் வாயைத் திறக்க மாட்டாள். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் அழுதாலோ கத்தினாலோ அது நடந்துவிடும் என்று நம்பிக்கை. அக்கா இதைத் திரும்பி வரும்போது எனக்குச் சொன்னார். என்மேல் ஒரு கோபமும் இல்லை அவருக்கு.

"இதுக்குத்தான் சும்மா ஓடக்கூடாதுன்னேன். சும்மா ஓடி ஓடிப் பழக்கிட்டா, நெசமா ஓடயில யாரு டீச்சர் வருவா?"

இத்தோடு விட்டுவிடலாம் என்றே சொன்னேன். அவர்தான் விடவில்லை. ஓடுவதாகக் கணவரிடம் சொல்லியாயிற்று, சொன்னதை மாற்ற முடியாது. அதற்கு அவரே வழி கண்டுபிடித்தார். தினமும் ஓடுவதற்கு முன்னால் தெரு முழுக்க நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இன்னிக்கு ஓடப் போறேன். சும்மாதான். வந்துறாதீக" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊர் நடந்து முடிக்கவே அவருக்கு வேர்த்துவிடும். பயிற்சியில் பாதி அந்த நடைதான் என்று நான் கேலி செய்வேன்.

ஓட அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. விலாவில் குத்துகிறது என்பார், ஷூவுக்குள் கால் வேகிறது என்பார். பாதியில் நடக்கலாமே என்றால் மட்டும் தலையை ஆட்டுவார். "ஓடுறேன்னுல சொல்லிருக்கு. நடந்தா பொய்யாப் போயிரும்." அந்த ஒரு பிடியில் மாட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே, மெல்ல மெல்லக் கரை வரை நிற்காமல் போய்த் திரும்பத் தொடங்கினார். ஒருநாள் திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஒண்ணும் வலிக்கல டீச்சர், என்னமோ ஆயிப்போச்சு" என்று பயந்த முகத்தோடு சொன்னார்.

பந்தயத்தன்று ராமநாதபுரத்தில் அவர் பண்ணிய கூத்தை நான் இன்னும் யாரிடமாவது சொல்லிச் சிரிப்பதுண்டு. வரிசையில் நின்ற பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய், "நான் மெதுவாத்தான் வருவேன், நீங்க பாட்டுக்குப் போங்கம்மா" என்று சொன்னார். எல்லாம் காலேஜ் பிள்ளைகள். சிரித்தார்கள். ஓட்டம் தொடங்கியதும் அவர்கள் பறந்தார்கள், கொஞ்ச தூரத்தில் பலருக்கு மூச்சு வாங்கியது. அக்கா ஒரே சீராக வந்தார். முந்துவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியிடமும், "முன்னாடி போறேன்த்தா, தப்பா நெனைக்காத" என்று சொல்லிவிட்டு முந்தினார். நான் சாலையோரமாகச் சைக்கிளில் கூடவே போனேன், இந்தக் காதால் கேட்டேன். பரிசெல்லாம் இல்லை. ஆனால் ஓடி முடித்தார், முடித்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பதக்கம் அவருக்கும் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் அவர் கேட்டது பந்தயத்தைப் பற்றி இல்லை.

"இம்புட்டுப் பொம்பளைக ஓடுறோம். ரோட்டுல நிக்கிற ஒருத்தரும் பின்னாடி வரல டீச்சர். கையத் தட்டுறாக."

"உற்சாகப்படுத்துறாகக்கா."

"அது சரி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருந்தாலும் எனக்குத் திக்குனு இருந்துச்சு."

பதக்கத்தைக் கணவர் வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். கேட்டவர்களிடமெல்லாம், "நான் ஓடல, என் வீட்டுக்காரி" என்று சொன்னாராம். அன்றைக்கு அந்த மனிதர் பேசிய அளவுக்கு அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

பந்தயம் முடிந்த பிறகும் அக்கா ஓடினார். சர்க்கரை இறங்கியிருந்தது, அவருக்கும் பழகிப்போயிற்று. தெருவுக்கும் பழகிப்போயிற்று. அவர் கடக்கும்போது குழாயடியில் நிற்கிற பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். ராமநாதபுரத்தில் தட்டியதை நான்தான் வந்து கதையாகச் சொல்லியிருந்தேன். அக்கா மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஓடப் போறேன், சும்மாதான்" என்று சொன்னார். உள்ளேயிருந்து, "தெரியும் தெரியும், போ" என்று குரல் வரும். சில வீடுகளில் குரலும் வராது. ஆனாலும் நின்று சொல்லிவிட்டே போனார்.

அந்தக் காலையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். எதிர் வீட்டுக் கதவு திறந்து அக்கா வெளியே வந்தார், ஓடினார். எந்த வீட்டு வாசலுக்கும் போகவில்லை. என் ஜன்னலுக்கும் வரவில்லை. காலில் ஷூ இல்லை, கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. இவ்வளவையும் நான் பார்த்தேன். இப்போது கேட்டாலும் அந்தச் செதில் எந்தக் கையில் அதிகம் ஒட்டியிருந்தது என்று சொல்வேன்.

குழாயடியில் கைதட்டினார்கள். "இன்னிக்கு என்ன இந்நேரத்துல?" என்றாள் ஒருத்தி. "அடுத்த பந்தயம் வருதோ என்னமோ" என்றாள் இன்னொருத்தி. நான், "கைய மடக்கி ஓடுங்கக்கா" என்று சத்தம் போட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன அழகாக ஓடுகிறார் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே தலை நிமிர்ந்து, சீராக, முன்னெப்போதும் ஓடாத வேகத்தில் ஓடினார். சிணுக்கோலியை எடுத்துச் சிக்கை விடுவித்துக்கொண்டே அவர் கருவேலங்காட்டில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே பாதையில் அவர் திரும்பி ஓடி வந்தார். யாரோ, "ரெண்டாவது ரவுண்டு" என்று சொல்ல, மறுபடியும் கைதட்டல்.

அக்கா தெரு நடுவில் நின்றுவிட்டார். சேலை இடுப்பு வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. எதுவுமே விளங்காத ஒரு முகம்.

"நான் ஓடுனேனே" என்றார். "ஏன் யாரும் வரல?"

குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கைதட்டியவளின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த நொடி எல்லோரும் ஓடினோம். நான் சீப்பைத் தலையில் சொருகியபடியே ஓடினேன். அது தலையில் இருந்தது எனக்கு மத்தியானம்தான் தெரியும்.

கடலில் வலை இழுக்கும்போதே அவர் கணவருக்கு வாய் கோணிக் கை விழுந்துவிட்டது. தம்பி தனியாளாக வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் உள்வாங்கியிருந்த வற்றுக் கடல், வள்ளம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே தரை தட்டி நின்றுவிட்டது. கரையில் ஆள் இல்லை, மற்றவர்களெல்லாம் இன்னும் கடலில் இருந்தார்கள். அங்கிருந்தே தம்பி அக்காவுக்குப் போன் போட்டார். "மாமாவுக்கு மேலுக்குச் சரியில்ல, ஆளுகளோட வா" என்ற ஒரே வார்த்தை. வேறு யாருக்கும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. அக்காவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதானே. அக்காவும் யாரையும் கூப்பிடவில்லை. கரைக்குப் போகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஓடினால் ஊர் வந்துவிடும். அவர் கரையில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது பாதையில் ஒருவருமில்லை. தண்ணீரில் இறங்கித் தம்பியோடு சேர்ந்து தூக்கிப் பார்த்திருக்கிறார். ஆள் பெரிய ஆள், இரண்டு பேரால் முடியவில்லை. திரும்ப ஓடி வந்திருக்கிறார்.

நாங்கள் போய்த் தூக்கி, ஆட்டோவில் சாயல்குடி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ராமநாதபுரம். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வலது கை வராது, பேச்சும் முழுதாக வராது என்றார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று அவர் ஆரம்பித்தபோது அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த வாக்கியத்தை முழுசாகக் கேட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு அக்கா யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. முறைப்பாக இருக்கவில்லை, பேசினால் பேசினார், குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொண்டார். ஆனால் சொல்வதை நிறுத்திவிட்டார். சாயல்குடிக்குப் போவார், கதவு பூட்டியிருக்கும், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. கதவு சாத்தியிருக்கும், உள்ளே தூங்குகிறாரா என்று தெரியாது. தெருவே தவித்துப் போயிற்று. பெண்கள் ஒருவருக்கொருவர், "அக்கா ஒங்கிட்டச் சொல்லுச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். எத்தனையோ நாள் எரிச்சல்பட்ட நான், ஜன்னலில் அந்தத் தலை தெரியாதா என்று ஏங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

மாதங்கள் போயின. ஒருநாள் காலை எதிர்க் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். எந்த வாசலுக்கும் போகவில்லை. வெறுங்காலோடு கரையைப் பார்த்து ஓடினார்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். விட்டுவிட்டு ஓடினேன். குழாயடியில் குடங்கள் உருண்டன. எந்த வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று தெரியவில்லை, தெரு நிறைந்துவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. தம்பி கடலில் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். முன்னால் அக்கா, பின்னால் நாங்கள், கருவேலங்காட்டைத் தாண்டி மணலில் கால் புதையப் புதைய ஓடினோம். கரைக்குப் போய் நின்றோம்.

கடல் சாதுவாகக் கிடந்தது. தம்பியின் வள்ளம் கரையில் ஏறி நின்றது. வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தைப் பார்த்து வெளிறிப்போய் எழுந்தார்.

"ஏலே, ஒனக்கு ஒண்ணுமில்லடா, நீ வேலையப் பாரு" என்றார் அக்கா.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூச்சு வாங்கி நின்ற கிழவிகளை, முதல் தடவை கத்தியோடு வந்தவளை, என்னை. அன்றைக்குக் கைதட்டியவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எல்லாரும் வந்துட்டீகளா?" என்றார். "சரி. வாங்க போவோம்."

திரும்பும்போது அவர் பக்கத்தில் நடந்தேன். வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

"இனிமே எப்பக்கா இப்புடி ஓடுவீக?" என்று கேட்டேன்.

நெடுநாளைக்கப்புறம் அவர் சிரித்தார். "அதச் சொல்லிட்டா எப்புடி டீச்சர்?"

நான் மாற்றலாகிக் கமுதிக்கு வரும்வரை இன்னும் சில தடவை ஓடினார். ஒரு தடவைகூட அவர் முன்னால் சொல்லவில்லை. ஒரு தடவைகூட யாரும் கைதட்டவில்லை.